முகத்துவாரத்தில் ஒரு சாண்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

சொன்னவர் வியாகுலம். கதையில் வரும் சீடரும் அவரேதான். ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கதை முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. நடந்த விஷயம் அப்படி நன்றாகிக்கொண்டே போகாது.

கடைசியாக அவர் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

*

“தப்பை அழிக்கக் கூடாதா டீச்சர்?” என்று கேட்டார் வியாகுலம்.

“கூடாது” என்றார் ஆசிரியை.

ஆசிரியையின் பெயர் திலகவதி. சீடரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ‘ஓதம்’ என்ற நிரல் நூலகத்தை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தவர்.

நூலகம் என்றால் இங்கே புத்தகங்கள் இல்லை. ஒருவர் எழுதி வைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் ஏற்பாடு. ஓதம் செய்யும் வேலை ஒன்றுதான். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நட்டு வைத்த கருவியைக் கேட்டு, அங்கே இப்போது எவ்வளவு ஆழம் என்று சொல்லும்.

யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. நன்றி சொல்ல வேண்டியதுமில்லை.

துறைமுக வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் வியாகுலம். வந்த அன்று ஆசிரியை அவருக்கு ஒரே ஒரு விதி சொன்னார்.

“வெளியில விட்ட பதிப்பைத் தொடாதீங்க அண்ணன். மாத்தணும்னா பக்கத்துல புதுசு வைங்க. அதுக்குப் புது எண் குடுங்க. என்ன மாறிச்சுன்னு சொல்லுங்க. பழசு பழசாவே இருக்கட்டும்.”

வியாகுலம் தலையாட்டினார். சுலபமான விதியாகத் தெரிந்தது.

இப்போது 2.4 என்ற பதிப்பில் தப்பு.

வியாகுலம் தன் கையால் முடித்து வெளியே விட்ட முதல் பதிப்பு அது. கீழே அவர் பெயர் இருந்தது. எந்த முகத்துவாரமானாலும் அது ஆழத்தை ஒரு சாண் குறைத்துச் சொன்னது. வெளியே விட்டுப் பல மாதம் கழித்து அவரேதான் கண்டுபிடித்தார்.

“2.5-ல சரி பண்ணிட்டேன் டீச்சர். ஆனா 2.4 அப்படியே நிக்குது. யார் வேணா எடுக்கலாம். ஒரு சாண் தப்போட. என் பேரோட.”

“ஆமா.”

“தூக்கிடலாமே.”

“தூக்கினா, அதை நம்பி ஓடுறதெல்லாம் நின்னுடும்.”

“சரி, தூக்க வேண்டாம். உள்ளே ஒரே ஒரு வரி. அதை மாத்தி, அதே எண்ல வெச்சுடறேன். யாருக்கும் தெரியாது.”

ஆசிரியை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“யாருக்கும் தெரியாதுங்கிறது நல்லதா அண்ணன், கெட்டதா?”

“தப்பைச் சரியாக்குறது எப்படிக் கெட்டதாகும்?”

ஆசிரியை கையிலிருந்த கொத்தைத் தட்டில் வைத்தார்.

வியாகுலத்துக்குச் சுருக்கென்றது. “தப்புன்னு தெரிஞ்சும் அதை வெளியில வெச்சிருக்கோம். கேட்டா விதிங்கிறீங்க. இது விதியா, வீம்பா?”

“மணி என்ன அண்ணன்?” என்றார் ஆசிரியை.

வியாகுலம் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஐந்து காட்டியது. ஆசிரியையின் மகன் பள்ளிக்கூடப் பஸ்ஸை விடாமலிருக்க, கால் மணி நேரம் கூட்டி வைத்த கடிகாரம். பையன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

“நாலே முக்கால்.”

“ஐஞ்சுன்னுதானே காட்டுது?”

“இந்த வீட்டுக் கடிகாரம் எனக்குத் தெரியாதா?”

ஆசிரியை கீரையை மறுபடி உருவத் தொடங்கினார்.

இதற்காகவா மணி கேட்டார் என்று எரிச்சலோடு வியாகுலம் செருப்பை மாட்டினார்.

*

வீட்டுக்குப் போனதும் அந்த வரியை மாற்றினார்.

ஒரே வரி. அதே எண். பழைய நகல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் புதியதை மேலேயே எழுதினார். மாற்றியதற்கான தடயத்தையும் துடைத்தார். ஓதம் இருந்த சேமிப்பிடம் முழுவதும் அவர் பராமரிப்பில்தான் இருந்தது. ஆசிரியையின் கணினியும் அப்படித்தான். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவர்.

தொண்டையில் சிக்கியிருந்த மீன்முள் இறங்கியது போலிருந்தது.

அவர் பெயருக்கு மேலே இப்போது தப்பு எதுவும் இல்லை.

*

மணவாய்க்குடியில் மீனவர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் மாடியில் ஒரு விளக்கு. முகத்துவாரத்தில் ஆழம் போதவில்லை என்றால் சிவப்பு. போதும் என்றால் பச்சை. கடலிலிருந்து திரும்பும் படகுகள் வெளியே நின்று விளக்கைப் பார்க்கும். பச்சை விழுந்தால் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வரும்.

விளக்குக்கு ஆழம் சொன்னது ஓதம். 2.4.

பார்த்துக்கொண்டவர் ஜோவாக்கிம். சங்கத்துக் கணினி அவர் பொறுப்பு. உப்புக்காற்றில் அந்தக் கணினி இற்றுப்போனது. காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதியது வாங்கினார்கள். ஜோவாக்கிம் ஒழுங்கானவர். பழையதில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைக் கேட்டு எடுத்துப் பொருத்தினார்.

அடுத்த நாள் விளக்கு சீக்கிரமே பச்சையானது.

வெளியே நின்றிருந்த படகு உள்ளே வந்தது. அடி மணலில் தட்டியது. ஒரு அலை வந்து தூக்கி, உள்ளே போட்டது.

அவ்வளவுதான் என்றார் வியாகுலம்.

*

ஆசிரியையின் வீட்டில் போன் அடித்தபோது வியாகுலமும் அங்கே இருந்தார். ஆசிரியை ஸ்பீக்கரில் போட்டார்.

“டீச்சருங்களா? மணவாய்க்குடி சங்கத்துல இருந்து ஜோவாக்கிம். உங்ககிட்ட எத்தனை 2.4 இருக்கு?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னா, எங்க பழைய பெட்டியில இருந்தது எது? புதுப் பெட்டியில இருக்கிறது எது?”

ஆசிரியை வியாகுலத்தைப் பார்த்தார். வியாகுலம் தரையைப் பார்த்தார்.

“என்ன வித்தியாசம்னு சொல்லுங்க” என்றார் ஆசிரியை.

“பழசுல ஒரு சாண் குறைச்சல். எங்களுக்கு அது முதல்லயே தெரியும். மூங்கில் கழியை ஊணிப் பார்த்தோம். அது ஒரு சாண் குறைச்சுச் சொல்லுது, சரி, நாம ஒரு சாண் கூட்டிப்போம்னு கூட்டி வெச்சோம். அதுலயிருந்து எங்களுக்கும் அதுக்கும் ஒரு சண்டை கிடையாது. இப்ப அது தானாத் திருந்திடுச்சு. எங்ககிட்ட சொல்லல. நாங்க இன்னும் ஒரு சாண் கூட்டிக்கிட்டே இருக்கோம்.”

வியாகுலத்தால் பொறுக்க முடியவில்லை. “தப்பு இருந்தது தெரிஞ்சா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“யாரு பேசுறது?”

வியாகுலம் போனிலிருந்து ஒரு அடி பின்வாங்கினார்.

“யாரா இருந்தாலும் சரி. நாங்க சொல்லாதது குத்தம்தான். ஒத்துக்கிறேன். திருந்தினதை நீங்க சொன்னீங்களா?”

“ஓசியா எடுத்துட்டு...” என்று வியாகுலம் தொடங்கினார்.

“ஓசிதான். ஓசியா ஒருத்தர் வழி சொன்னா, அந்த வழியை நம்பித்தானே போறோம்? போற பாதி வழியில வழியை மாத்தி வெச்சிட்டு, ஓசின்னா என்ன அர்த்தம்? நாங்க உங்க நிரலைப் படிச்சுப் பார்க்கல. படிச்சாலும் புரியாது. நம்பரைப் பார்த்தோம். நம்பரை மட்டும்தான் பார்த்தோம்.”

போன் வைக்கப்பட்டது.

“தொட்டீங்களா?” என்றார் ஆசிரியை.

“ஒரு வரிதான்.”

“தொட்டீங்களான்னு கேட்டேன்.”

“தொட்டேன்.”

வியாகுலம் நிமிர்ந்தார்.

“ஆனா சரியாத் தொட்டேன் டீச்சர். தப்பா இருந்ததைச் சரியாக்கினேன். ஒரு சாண் கூட்டினது அவங்க. என்கிட்ட கேட்டா கூட்டினாங்க? இப்ப அங்க இருக்கிற 2.4-ஐ எடுத்துப் பாருங்க, ஒரு விரக்கடை தப்பு இருக்கான்னு பாருங்க. உண்மையைச் சொல்ற நிரலை வெச்சதுக்கு நான் குத்தவாளியா?”

“பழைய 2.4 எங்க?”

“இல்ல.”

“எங்கயுமா?”

“எங்கயும் இல்ல. சுத்தமாப் பண்ணிட்டேன்.”

“போய்க் கொண்டு வாங்க.”

“எதை?”

“உங்க தப்பை.”

வியாகுலம் சிரிக்கப் பார்த்தார். ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

“அந்த ஒரு வரி எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். உட்கார்ந்து பழையபடி எழுதிடறேன்.”

“ஞாபகத்துல இருந்து எழுதினா அது நீங்க சொல்ற கதை. எனக்கு அது வேண்டாம். அன்னைக்கு வெளியில விட்டதே வேணும். அது கிடைக்காம இந்த வாசப்படி ஏறாதீங்க.”

*

ஐம்பத்து நாலு வயதில், தன் சொந்தத் தப்பைத் தேடிக்கொண்டு வியாகுலம் பஸ் ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் மனதுக்குள் ஆசிரியையோடு சண்டை போட்டார். என்னைவிடச் சின்னவள். நான் கப்பல் பார்த்தவன். ஒரு வரி. ஒரு சாண். சரியானதைச் செய்தவனைத் தெருவில் நிறுத்துகிற விதி என்ன விதி. அந்தச் சண்டையில் எல்லா ஊரிலும் அவரே ஜெயித்தார். மணவாய்க்குடியில் பஸ் நின்றபோது ஜெயித்த களைப்பில் இறங்கினார்.

சங்கத்தில் ஜோவாக்கிம் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“பழைய 2.4 வேணும்” என்றார் வியாகுலம்.

“தப்பா இருந்ததா?”

“ஆமா.”

“உலகத்துல எல்லாரும் சரியானதைத் தேடி வருவாங்க. நீங்க ஒருத்தர் தப்பானதைத் தேடி வந்திருக்கீங்க.” ஜோவாக்கிமின் குரலில் கேலி இல்லை. “போன்ல ஓசின்னது நீங்கதானா?”

வியாகுலம் தலையாட்டினார்.

“பழைய பெட்டி காயலான் கடையில உடைஞ்சு போச்சு. கோயிலுக்குப் பின்னால ஒரு வீடு. அமலின்னு ஒரு பொண்ணு காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்குது. அது இங்க வந்து எடுத்துட்டுப் போய் ஏதோ பண்ணிச்சு. அங்க கேளுங்க.”

வியாகுலம் படியிறங்கினார். ஜோவாக்கிம் மேலேயிருந்து சொன்னார்: “குரலை உசத்திப் பேசாதீங்க அங்க.”

வழியில் ஒரு டீக்கடையில் டீ கேட்டார். பால் இல்லை என்றார் கடைக்காரர். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. இன்னும் யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. உள்ளே ஒரு பெண்மணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் வந்தது என்று திரும்பவில்லை.

அமலி வெளியே வந்தாள். வியாகுலம் யாரென்று சொன்னார். என்ன வேண்டும் என்றும் சொன்னார்.

 அவள் உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அடுக்கிலிருந்து நாற்காலி எடுத்துப் போடவில்லை. நின்றபடியே திறந்தாள்.

“அப்பா கடல்ல இருந்தே போன்ல ஆழம் பார்க்கிறதுக்குன்னு ஒண்ணு பண்ணியிருந்தேன். அதுக்குள்ள உங்க 2.4 இருக்கு. முதல்ல விட்டது.”

“ஒரு சாண் குறைச்சல் உள்ளதா?”

“ஆமா. நானும் ஒரு சாண் கூட்டித்தான் வெச்சிருந்தேன். போன்லயும் விளக்குலயும் ஒரே மாதிரி வரும். அன்னைக்கு மட்டும் விளக்கு பச்சை. போன் வேண்டாம்னுச்சு. ஊர்ல விளக்கைத்தானே நம்புவாங்க.”

ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். வியாகுலம் கையை நீட்டினார். அவள் உடனே விடவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா அங்கிள்? அதுக்கு எண்ணு எதுக்குக் குடுக்குறீங்க?”

“அடையாளத்துக்கு.”

“எதோட அடையாளத்துக்கு?”

வியாகுலம் பதில் தேடினார். வழியெல்லாம் அத்தனை பதில் சொல்லிக்கொண்டு வந்த வாய்.

“பரவாயில்ல, பத்திரமா எடுத்துட்டுப் போங்க” என்றாள் அமலி. “உங்க பேரும் அதுல இருக்கு.”

*

ஆசிரியை பென் டிரைவை வாங்கிக்கொண்டார். எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

பழைய 2.4 பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒரு சாண் தப்போடு. வியாகுலத்தின் பெயரோடு. அதற்குக் கீழே என்ன நடந்தது என்று அவரையே எழுதச் சொன்னார் ஆசிரியை.

வியாகுலம் ‘சிறு திருத்தம் ஒன்று செய்யப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதினார்.

ஆசிரியை அதை அழித்தார்.

“யாருக்கு எழுதுறீங்க?”

வியாகுலம் மறுபடி எழுதினார். இந்தத் தடவை நேரமானது. ஆசிரியை படித்தார். எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பிறகு அதை அப்படியே வெளியிட்டார்.

“இது எவ்வளவு காலம் இப்படியே இருக்கும் டீச்சர்?”

“எது?”

“என் தப்பு. நான் செத்த பிறகுமா?”

ஆசிரியை திரும்பினார்.

“மணி என்ன அண்ணன்?”

வியாகுலம் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஐந்து காட்டியது.

நாலே முக்கால் என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் கடிகாரத்துக்குக் கீழே முக்காலி போட்டிருப்பதைக் கண்டார். யாரோ அதன் மேல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கடிகாரத்தின் கண்ணாடியில் ஒட்டடை இல்லை.

ஐந்தா, நாலே முக்காலா.

ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“தெரியல டீச்சர்” என்றார் வியாகுலம்.

*

இதுதான் கதை.

சொல்லி முடித்து, ஆறிப்போன காபியை வியாகுலம் ஒரே மடக்கில் குடித்தார். முகம் தெளிவாக இருந்தது. இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவர் முகம் அப்படித்தான் ஆகும். நல்ல கதை என்று நான் சொல்வேன். அவரும் ஆமாம் என்பார். பல வருடமாக எங்களுக்குள் அது ஒரு வழக்கம்.

இந்தத் தடவை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படகு மணலில் தட்டியதோடு சரி என்றால், அந்த வீட்டு வாசலில் எதற்கு நாற்காலிகள்? அந்த அம்மாள் ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்? பால் பொங்கும் கடையில் ஏன் பால் இல்லை?

அவர் முதல் தடவை சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று படகு கவிழ்ந்தது. அணியத்தில், படகின் முன்தலையில், ஒருவர் கழியோடு நின்றிருந்தார். கஸ்பார் என்று பெயர் சொன்னார். அமலியின் அப்பா. அவரைக் கண்டெடுக்க இரண்டு பொழுது ஆனது என்று சொல்லும்போது வியாகுலத்தின் குரல் உடைந்தது. அடுத்த முறை சொன்னபோதும் படகு கவிழ்ந்தது, ஆனால் எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். அதற்கடுத்த முறை புரொப்பெல்லர் மட்டும் உடைந்தது. இப்போது ஒரு அலை வந்து தூக்கி உள்ளே போடுகிறது.

ஒவ்வொரு தடவையும் அதே கதைதான் என்று சொல்லித்தான் தொடங்கினார். நாற்காலிகளை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் மட்டும்தானா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்:

“முதல் தடவை சொன்னபோது அந்தப் படகின் அணியத்தில் கஸ்பார் நின்றாரே, அவரை எந்தத் தடவை கரையில் இறக்கிவிட்டீர்கள்?”